குறைத்துச் சொன்ன ஆறு வயது

என் தங்கை ஆவுடையம்மாளின் வயதில் ஆறைக் குறைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் ஏதோ மனம் திருந்தியவன் மாதிரி இருக்கும்.

1946இல் அவளுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. அப்பா அம்மா இல்லை. நான் ஒருவன்தான் பெண் வீட்டார். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன், இன்றும் இருக்கிறேன். வந்த வரன்கள் எல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று போனவை. ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த சண்முகவேலின் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபத்துமூன்று. பெண் அவரைவிட மூத்தவள் என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரு ஜோசியரைப் பிடித்தேன். துன்மதி வருஷத்தில் பிறந்தவளை அவர் பிரபவ வருஷத்தில் பிறக்க வைத்தார். இடையில் ஆறு வருஷம் என்பதால் சனியையும் இரண்டு வீடு நகர்த்த வேண்டியிருந்தது. சனி மறுப்பு எதுவும் சொல்லவில்லை. பத்துப் பொருத்தத்தில் எட்டு வந்தது.

இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் கூலி வேலைக்குச் சேரும் பையன் வயதைக் கூட்டிச் சொல்வான். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்குக் குறைத்துச் சொல்வார்கள். மொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

மறைத்தது இன்னொன்றும் உண்டு. ஆவுடைக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். பெண் பார்க்க அவர்கள் வருவதற்கு முன்பே அவளைக் கூடத்தில் பாயில் உட்கார வைத்துவிட்டேன். கடைசி வரை அவள் எழுந்திருக்கவே இல்லை. என்ன அடக்கம் என்று மாப்பிள்ளையின் அம்மா தங்கபுஷ்பம் பூரித்துப்போனார்.

எட்டு வருஷம் ஓடியது. குழந்தை இல்லை. இளைப்பு கூடிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். 1954இல் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தபோது, தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார். வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.

"உள்ளே மெஷின் ஓடற மாதிரி சத்தம் கேக்குதும்மா" என்றார்.

தங்கபுஷ்பத்துக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு மாவு மில் இருந்தது. "எட்டு வருசமா அந்தச் சொவத்துலதான சாஞ்சு தூங்குதா. சத்தம் உள்ள எறங்கிட்டு" என்று சொல்லி, மருமகளின் பாயை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். ஒரு வாரம் கழித்துப் போனபோது, சத்தம் அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் செல்வநாதன் இருந்தார். நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்யச் சீமைக்குப் போய்க் கற்று வந்தவர். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் பாரத்தை நான் நிரப்பினேன். இங்கிலீஷ் பாரம் என்றால் அந்தக் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சண்முகவேல் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வயது என்ற இடத்தில் 27 என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே வரவில்லை. வருஷத்துக்கு ஒன்று தவறாமல் கூட்டிக்கொண்டு வந்த வயது அது.

படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், காய்ச்சலுக்குப் பெனிசிலின் போட்டார்கள். மூன்று வாரம் போனது. நாளை ஆபரேஷன் என்ற அன்று டாக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார்.

"இதயத்துலேர்ந்து கிளம்பற ரெண்டு பெரிய ரத்தக்குழாய்க்கு நடுவுல ஒரு சின்னக் குழாய், தாய் வயித்துல இருக்கறப்ப எல்லாருக்கும் உண்டு. பிறந்ததும் அது தானா மூடிக்கணும். இவங்களுக்கு மூடலை. அதனால இதயத்துக்கு ரெட்டை வேலை. நாளைக்கு அந்தக் குழாயை நூலால கட்டிடப் போறோம்."

"கட்டுனாப் போதுங்களா?" என்றார் சண்முகவேல்.

"போதும். இதுவரை ஒன்பது பேருக்குக் கட்டியிருக்கேன். எட்டுப் பேர் சின்னப் பசங்க. ஒருத்தருக்கு இருபத்திரண்டு. வயசு ஏற ஏற அந்தக் குழாய் இறுகிப்போய்ச் சுண்ணாம்பு படிஞ்சிடும். நூலை இழுத்தா கிழியும். கிழிஞ்சா மேசையிலேயே உயிர் போயிடும். அதனால முப்பது தாண்டினவங்களை இப்போதைக்கு நான் தொடறதில்லை." கையிலிருந்த தாளைப் புரட்டினார். "இருபத்தேழு. சரிதானே?"

கேள்வி என் முகத்தைப் பார்த்து வந்தது. எழுதியது யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு ஒரு பக்கம் சண்முகவேல். மறுபக்கம் தங்கபுஷ்பம், திருநீற்றுப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு. முப்பத்துமூன்று என்று நான் சொன்னால் அந்த அம்மாளின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் எனக்குத் தோன்றியது. என் தங்கை மேசையிலேயே செத்துப்போவாள் என்பதைவிட அந்த முகம் பெரிதாகத் தெரிந்தது. அதற்குக் கோழைத்தனம் என்று பெயர். வேறு பெயர் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

"சரிதான் சார்" என்றேன்.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் ஆவுடையைப் பார்க்கப் போனேன். பெண்கள் வார்டில் தலையணை மூன்றை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "நீ என்ன சொன்னே?" என்றாள்.

"இருபத்தேழுன்னேன்."

"நல்லது. அப்படியே இருக்கட்டும். உண்மையைச் சொன்னா செய்ய மாட்டாரு."

"கிழிஞ்சுதுன்னா ஆவுடை?"

"இருபத்தேழு வயசுலயே போயிட்டாளேன்னு நாலு பேரு பாவப்படுவாங்க. முப்பத்துமூணுன்னா அதுவும் இல்லை." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு மூச்சுவாங்கலாக மாறி அடங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. "அண்ணே, எனக்கு ஒரு நாளாவது காலை நீட்டிப் படுத்துத் தூங்கணும். இப்படிச் சொவத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் உக்காந்திருக்கறது? நீ சொல்லாதே. உன்னைக் கையெடுத்துக் கேட்டுக்கறேன்."

சொல்லாமலிருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. அவளே கேட்டுக்கொண்டாளே. அந்தக் காரணத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வார்டு வாசலில் நின்றேன். வேம்பு என்கிற ஆயா உள்ளேயிருந்து சீப்போடு வந்தாள். ஆபரேஷனுக்குப் போகிறவளுக்குத் தலை பின்னிவிட்டு வருகிறாள்.

"இன்னா நைனா, உன் தங்கச்சியா அது? அட்டைல இருபத்தேழுன்னு எழுதிக்கீது. மண்டையப் பாத்தா உள்ளாற பூரா நரை கீதே."

"எங்க குடும்பத்துல சீக்கிரம் நரைக்கும்" என்றேன்.

"அக்காங். இங்க வர்ற பொம்பளைங்கோ அல்லாருக்கும் அப்டித்தான் நரைக்குது. மெய்யா எத்தினி?"

"முப்பத்துமூணு."

எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே திகைப்பாக இருந்தது. எட்டு வருஷமாக வாயை விட்டு வராத எண் அது. வேம்பு எனக்கு உறவும் இல்லை, சம்பந்தியும் இல்லை. அவள் முகம் எப்படிப் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. அது எப்படியும் போகவில்லை.

"அத்த டாக்டராண்ட சொல்லு. என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டு, சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு தரம் சொன்ன வாய்க்கு இன்னொரு தரம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. டாக்டர் கை கழுவும் இடத்தருகே போனேன். உதவி டாக்டர் நீலமேகம் என்னைத் தடுத்தார். அவர் தோளுக்கு மேலே எட்டி, "சார், அவளுக்கு முப்பத்துமூணு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் தண்ணீர்க் குழாயை மூடினார். "நேத்து உங்களைத்தானே கேட்டேன்?"

"ஆமா சார்."

"உங்க முகத்தைப் பார்த்துத்தானே கேட்டேன்?"

"ஆமா சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நீலமேகத்திடம், "இன்னிக்கு இந்தக் கேஸ் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

ஆவுடையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாதி தூரம் கொண்டுவந்திருந்தார்கள். வண்டியை அப்படியே திருப்பினார்கள். என்னைக் கடக்கும்போது கண்ணைத் திறந்து, "சொல்லிட்டியா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "கல்யாணத்துக்கு முன்னால சொல்லியிருக்கணும். அப்ப விட்டுட்டு இன்னிக்குச் சொல்லியிருக்கே" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. ஆனால் தாழ்வாரத்தின் மறுமுனையில் அவர்கள் இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் திருப்பிவிட்டார்கள் என்று சண்முகவேல் கேட்டார். சொன்னேன். ஜாதகத்தையும் சேர்த்தே சொன்னேன்.

தங்கபுஷ்பம் விரல்களை மடக்கி எண்ணினார். "அப்பம் எம் பிள்ளைய விட ரெண்டு வயசு மூப்பு." மறுபடியும் மடக்கினார். விடை மாறவில்லை. "ஏம்ப்பா நயினாரு, சனி ஏழுல இல்லன்னு பாத்துத்தான நான் சரின்னு சொன்னேன்?"

"நகர்த்தி எழுதினோம்."

"சனியவா?"

"ஆமா."

அந்த முகம் நான் பயந்த மாதிரியே போனது. போனதைப் பார்த்த பிறகு, இதற்கா பயந்தேன் என்று இருந்தது.

சண்முகவேல் திரும்பி நடந்தார். வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டருகே ரிக்‌ஷாக்காரர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். வீட்டுக்குப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவரை யார் குறை சொல்ல முடியும்? அரைமணி நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். எங்களைத் தாண்டி நேராக டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே நடந்ததை நீலமேகம்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார். சண்முகவேல் அழவும் இல்லை, காலில் விழவும் இல்லையாம். சரக்கு விசாரிக்கிற மாதிரி நிதானமாகக் கேட்டிருக்கிறார். முப்பது தாண்டினவர்களை எப்போது தொடுவீர்கள்? இன்னும் பத்து இருபது பேருக்குச் செய்து கை பழகின பிறகு. அதற்கு எவ்வளவு நாளாகும்? இரண்டு வருஷம் ஆகலாம். அதுவரை இவள் இருப்பாளா? அதைச் சொல்ல முடியாது, மறுபடி காய்ச்சல் வந்தால் இருக்க மாட்டாள்.

"அப்ப யாராவது ஒருத்தர்தானே முதல் ஆளா இருக்கணும்? இவளே இருந்துட்டுப் போறா. முப்பத்துமூணுன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றாராம். இந்த வயதில் மூன்று பேரில் ஒருவர் பிழைக்காமல் போகலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, அதை அவளிடமும் சொல்லிக் கேளுங்கள் என்றிருக்கிறார். டாக்டர் வார்டுக்குப் போய் அவளிடமே கேட்டார். அவள் செய்யுங்கள் என்றாள்.

டாக்டர் இரண்டு வாரம் தவணை எடுத்துக்கொண்டார். அவள் ரத்த வகையில் ஆறு பாட்டில் முன்கூட்டியே வேண்டும் என்றார். சண்முகவேலின் ரத்தம் சேரவில்லை. மண்டியில் மூட்டை தூக்கும் அமீருதீனும் இன்னும் நாலு பேரும் வந்து கொடுத்தார்கள். ரத்தம் கொடுத்தால் மூட்டை தூக்க முடியாமல் போகும் என்று பயந்துகொண்டேதான் கொடுத்தார்கள். ஆறாவது பாட்டில் என்னுடையது.

அந்த இரண்டு வாரமும் தெருவில் வேறு பேச்சில்லை. ஒரு பெண்ணின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்பது மூன்று நாளில் பழசாகிவிட்டது. அவள் புருஷனைவிட மூத்தவள் என்பது பழசாகவில்லை. சண்முகவேல் மண்டிக்குப் போகும்போது எதிர்க் கடைக்காரர், "அக்கா சௌக்கியமா?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். சௌக்கியம் என்று பதில் சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. தங்கபுஷ்பம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து உதடு மட்டும் அசையக் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு டாக்டர் வெளியே வந்தார். எங்கள் பெஞ்சிலேயே, சண்முகவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு களைத்திருந்தார்.

"கட்டியாச்சு. உயிரோட இருக்காங்க."

தங்கபுஷ்பத்தின் உதடு அசைவது நின்றது.

"ஒரு பக்கம் கிழிய ஆரம்பிச்சுது. கிழியும்னு தெரிஞ்சுதான் இருந்தேன். அதனால கட்டறதுக்கு முன்னாலயே மேலயும் கீழயும் ரத்தம் பாயாம பிடி போட்டு வெச்சிருந்தேன், ரத்தமும் தயாரா இருந்தது. அன்னிக்கு இருபத்தேழுன்னு நினைச்சுச் செஞ்சிருந்தா பிடி போட்டிருக்க மாட்டேன். ரத்தமும் அன்னிக்கு ரெண்டு பாட்டில்தான் வெச்சிருந்தேன்." எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

ஆவுடை மூன்றாம் நாள் பேசினாள். உள்ளே சத்தம் நின்றுபோனது அவளுக்குப் பயமாக இருந்ததாம். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம். செத்துப்போய்விட்டோமோ என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாளாம். தங்கபுஷ்பம் தினமும் காலையில் தூக்குச்சட்டியோடு வந்து, "ஏட்டி மூத்தவளே, கஞ்சியக் குடி" என்பார். அது ஏச்சா கொஞ்சலா என்று வார்டில் யாருக்கும் விளங்கவில்லை. ஆவுடை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சண்முகவேல் வாடகைக் கார் பேசியிருந்தார். ஆவுடையும் மாமியாரும் வேம்புவிடம் சொல்லிக்கொண்டு வரத் தாமதமானது. நானும் அவரும் ஆஸ்பத்திரி கேட்டருகே காரை நிறுத்திக்கொண்டு நின்றோம். அந்த மாதம் முழுவதும் அவர் என்னோடு அவசியத்துக்கு மேல் பேசியதில்லை. திட்டியதும் இல்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க மாப்ளே."

"பாரத்துல இருபத்தேழுன்னு எழுதுனீங்களே, அப்ப உங்களுக்கு இது தெரியுமா? வயசு தப்புன்னா அவ உயிருக்கு ஆபத்துன்னு?"

"சத்தியமா தெரியாது மாப்ளே. பழக்கத்துல எழுதிட்டேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் எங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு உங்களைக் கேட்டாரே. சரிதானேன்னு. அப்ப?"

கிழியும், மேசையிலேயே உயிர் போகும் என்று டாக்டர் சொல்லி அப்போது அரை நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு பொய் சொல்லலாமா என்று இப்போதும் எனக்குத் தோன்றியது. சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லலாம். அவர் நம்பியும் இருப்பார்.

"தெரியும்" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். ஆவுடை வந்தாள், யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்து. அவர் கதவைத் திறந்து அவளை ஏற்றினார், அம்மாவை ஏற்றினார். நான் ஏறுவதற்காகக் குனிந்தபோது, அவர் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"நீங்க ஆபீஸுக்குக் கிளம்புங்க, ஆறுமுகநயினார்" என்றார்.

எட்டு வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.